டென்ஷனுக்கு எத்தனை மார்க்?

எச்சில், தலைமுடி, மேலண்ணத்துப் புண், பத்துக் கேள்விகள்… மன அழுத்தத்தை உளவியலாளர்கள் அளக்கும் விதமும், அந்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விநோதமும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்த மாணவர்கள் 11 பேர் ஒரு விபரீதமான ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். கோடை விடுமுறையில் அவர்களுடைய மேலண்ணத்தின் ஒரு பக்கத்தில், 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாகச் சதையைத் துளைத்து எடுத்தார்கள். பிறகு தினமும் அந்தப் புண்ணைப் படம் பிடித்தார்கள். அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிப் பார்த்தார்கள். நுரைத்தால் புண் இன்னும் ஆறவில்லை என்று பொருள். வகுப்புகள் தொடங்கி, பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணத்தின் மறுபக்கத்தில் அதே அளவில் இன்னொரு புண். மறுபடி படம், மறுபடி பெராக்சைடு.

1998இல் முடிவு வெளியானது. தேர்வு நேரத்துப் புண் ஆறுவதற்கு சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. அதாவது 40 சதவிகிதம் தாமதம். 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. அதே ஆள், அதே வாய், அதே அளவு புண். நடுவில் வந்தது பரீட்சை மட்டும்தான். பரீட்சை சமயத்தில் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் 'கண்ணு பட்டிருக்கு' என்று மிளகாய் சுற்றிப்போடும் பாட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். உடம்புக்கு வருவதைக் கவனித்த வரையில் அந்தப் பாட்டிகள் சரி. காரணத்தைத்தான் ஆய்வுக்கூடம் வேறு இடத்தில் கண்டுபிடித்திருக்கிறது.

இந்த ஆய்வின் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர். அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசர் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தவர். மனைவிக்கு மனம், கணவருக்கு ரத்தம் என்று பாகம் பிரித்துக்கொண்டு இருவரும் பல்லாண்டுகள் இந்தத் துறையில் உழைத்தார்கள். 1995இல், மறதி நோயில் விழுந்த குடும்பத்தினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையில் இதேபோலச் சிறு புண் ஏற்படுத்திப் பார்த்தார்கள். அது ஆற, அந்தப் பாரம் இல்லாத பெண்களைவிட ஒன்பது நாள் அதிகமானது. 2005இல் 42 தம்பதிகளை இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒருநாள் தங்கவைத்து, முன்கையில் சிறு கொப்புளங்கள் எழுப்பி, ஒரு தடவை ஒருவருக்கொருவர் ஆதரவாகவும், மறு தடவை தங்களுக்குள் ஒத்துவராத விஷயத்தையும் பேசச் சொன்னார்கள். இதமாகப் பேசிய நாளைவிடச் சச்சரவு பேசிய நாளில் கொப்புளம் மெதுவாக ஆறியது. வார்த்தைக்கு வார்த்தை குத்திக்கொள்ளும் தம்பதிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 சதவிகிதம்தான்.

மன அழுத்தம் உடம்பைத் தொடுகிறது என்பதில் இனி சந்தேகம் இல்லை. ஆனால் 'அழுத்தம்' என்று நாம் சொல்லும்போது எதை அளக்கிறோம்? நடந்த சம்பவத்தையா, மனசுக்குப் பட்டதையா, ரத்தத்தில் ஓடுவதையா? உளவியலாளர்கள் இந்த மூன்றையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று விடையும் ஒன்றாக வரவில்லை என்பதுதான் இந்தத் துறையின் சுவாரஸ்யமே.

பூனையும் எலியும்

ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர் எக்ஸ்ரே மூலம் பூனைகளின் செரிமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ இரைப்பையின் அசைவு சட்டென நின்றுபோனது. ஆபத்து வந்தால் உடம்பு சோற்றை மறந்துவிட்டு, ரத்தத்தைத் தசைக்கு அனுப்பி, சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று 1915இல் ஒரு நூலில் விளக்கினார். இன்டர்வியூ அன்று காலையில் இட்லி தொண்டையில் இறங்காததற்கு விளக்கம் அங்கே கிடைத்துவிட்டது.

அடுத்து வந்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வு செய்தவர். புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அறுத்துப் பார்த்தால் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண். ஹார்மோன் சிக்கிவிட்டது என்று குதித்தார். பிறகு வேறு உறுப்புகளின் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள். ஃபார்மலினை ஏற்றினாலும் அதே. குளிரில் போட்டாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அதே. தாக்குவது எதுவானாலும் உடம்பு தரும் பதில் ஒன்றுதான் என்று 1936இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதம் எழுதினார். முதலில் அதிர்ச்சி, பிறகு சமாளிப்பு, கடைசியில் சோர்ந்து சரிதல் என்று மூன்று கட்டங்களை வகுத்தார். இன்று உலகம் முழுக்க 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் புழங்குவதற்கு முக்கியக் காரணம் அவர்தான்.

செல்யேயின் புகழில் ஒரு கறையும் உண்டு. அவர் புகையிலை நிறுவனங்களிடம் ஆய்வுப் பணம் பெற்றதும், புகைபிடித்தல் மன அழுத்தத்தைத் தணிக்கும் என்ற வாதத்துக்குத் துணைநின்றதும் பிற்காலத்தில் வெளிவந்த அந்த நிறுவனங்களின் ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கின்றன. மாரடைப்புக்கு சிகரெட் காரணமல்ல, டென்ஷன்தான் காரணம் என்று சொல்ல முடிந்தால் யாருக்கு லாபம்? எல்லாப் பழியையும் தாங்கக்கூடிய அளவுக்கு ஒரு சொல் நெகிழ்ந்துகொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வருவார்கள். அதனாலேயே அளவுகோல் முக்கியமாகிறது.

கல்யாணம் 50, வேலை போனால் 47

1967இல் சியாட்டிலில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கைச் சம்பவங்கள் 43க்கு மார்க் போட்டார்கள். 394 பேரிடம், "கல்யாணத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் மற்றதற்கு எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேட்டுத் தயாரித்த பட்டியல் அது. கணவன் அல்லது மனைவியின் மரணம் 100. விவாகரத்து 73. சிறைவாசம் 63. கல்யாணம் 50. வேலை பறிபோதல் 47. ஓய்வுபெறுதல் 45. வீடு மாறுதல் 20. சுற்றுலா போவதற்குக்கூட 13, கிறிஸ்துமஸுக்கு 12. நல்லதோ கெட்டதோ, மாறுதல் என்றாலே உடம்புக்குச் செலவு என்பது அவர்கள் கணக்கு. ஓர் ஆண்டில் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டினால் நோய்வாய்ப்படும் வாய்ப்பு கூடும் என்றார்கள்.

பட்டியல் உலகப் புகழ் பெற்றது. அதன் ஓட்டையும் சீக்கிரமே தெரிந்தது. ராஹேயே அமெரிக்கக் கடற்படையினர் சுமார் 2,500 பேரிடம் அதைச் சோதித்தபோது மார்க்குக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தது; ஆனால் மிக மெலிந்த தொடர்பு. காரணம் புரிந்துகொள்ளக் கடினமல்ல. ஓய்வுபெற்ற மறுநாள் வயலைப் பார்க்கப் போகிறவருக்கும், அலுவலக அடையாள அட்டையைக் கழற்றியதும் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று தவிக்கிறவருக்கும் ஒரே 45 போடுவது எப்படி?

பெர்க்லியில் ரிச்சர்ட் லாசரஸ் இந்த இடத்தைத்தான் பிடித்தார். 1960களில் பார்ப்பவரைப் பதறவைக்கும் ஆவணப் படம் ஒன்றைத் திரையிட்டு, பார்க்கிறவர்களின் தோலில் வியர்வையால் கூடும் மின்கடத்தலை அளந்தார். பழங்குடியினரின் சடங்கில் இளைஞர்களின் உடலைக் கீறும் காட்சிகள் அதில் இருந்தன. படம் ஒன்றுதான், பின்னணிக் குரல்தான் வேறுவேறு. வலியையும் கொடுமையையும் அழுத்திச் சொன்ன குரலைக் கேட்டவர்களுக்குத் தோல் அதிகம் வியர்த்தது. ஓர் ஆய்வாளரைப்போல விலகிநின்று சடங்கை விவரித்த குரலைக் கேட்டவர்களுக்குக் குறைந்தது. சம்பவம் பாதிதான், 'இது எனக்கு என்ன செய்யும், என்னால் சமாளிக்க முடியுமா?' என்று மனம் போடும் கணக்கு மீதி. 1984இல் சூசன் ஃபோக்மனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் இந்தத் துறையின் பாடப்புத்தகமாயிற்று.

மனக்கணக்கையே நேரடியாகக் கேட்டுவிட்டால்? 1983இல் ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் ஒரு வினாத்தாளைத் தயாரித்தார்கள். இன்று அதிகம் பயன்படுவது அதன் பத்துக் கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப்போவதாக எத்தனை தடவை தோன்றியது, எதிர்பாராததால் எத்தனை தடவை நிலைகுலைந்தீர்கள் என்கிற ரீதியில் போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 40. நான்கு கேள்விகள் நல்லவிதமாகக் கேட்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு மார்க்கைத் தலைகீழாகப் போட வேண்டும். இணையத்தில் இதை நிரப்பிவிட்டு '28 வந்திருக்கிறது, எனக்கு என்ன நோய்?' என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இது நோயைக் கண்டறியும் சோதனையே அல்ல. இத்தனைக்கு மேல் ஆபத்து என்ற எல்லைக்கோடு இதற்குக் கிடையாது. குழுக்களை ஒப்பிடவே உருவாக்கினார்கள்.

வெறும் கேள்வித்தாள்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. கோஹன் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருந்த ஜலதோஷ ஆய்வுப் பிரிவுடன் சேர்ந்து 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் முதலில் அழுத்தம் பற்றிக் கேட்டார். பிறகு ஜலதோஷ வைரஸ் கலந்த சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, தனிமைப்படுத்தி, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று காத்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை டிஷ்யூ பேப்பர் செலவாகிறது என்பதுவரை எண்ணினார்கள். 1991இல் வந்த முடிவின்படி அழுத்தம் குறைந்தவர்களில் சுமார் 27 சதவிகிதம் பேருக்குச் சளி. அழுத்தம் மிகுந்தவர்களில் சுமார் 47 சதவிகிதம். வயது, புகை, மது, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

1022இலிருந்து 13

ஜெர்மனியின் டிரியர் நகரப் பல்கலைக்கழகத்தில் 1993இல் கிளமென்ஸ் கிர்ஷ்பாமும் சகாக்களும் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். மன அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்க இன்றுவரை உலகம் நம்பியிருப்பது அதைத்தான். ஊசி, மின்சாரம், பயமுறுத்தல் எதுவும் கிடையாது. ஓர் அறை, மேசைக்குப் பின்னால் வெள்ளை கோட் அணிந்த குழு, மைக், கேமரா. நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்தவர். ஐந்து நிமிடம் பேசி அந்த வேலைக்கு நீங்களே பொருத்தம் என்று நிரூபிக்க வேண்டும். தயாரிக்கச் சிறிது நேரம் தருவார்கள். எழுதிய குறிப்பை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

பேசத் தொடங்குகிறீர்கள். எதிரே ஒரு முகத்திலும் அசைவில்லை. சிரிப்பில்லை, தலையாட்டல் இல்லை. இரண்டு நிமிடத்தில் சரக்கு தீர்ந்து நிற்கிறீர்கள். அவர்களும் பேசாமல் பார்க்கிறார்கள். பிறகு ஒரு குரல்: "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடருங்கள்." ஒருவழியாக அது முடிந்தால் அடுத்த உத்தரவு வருகிறது. 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1009, 996, 983… ஒரு பிழை வந்தால், "தவறு. மறுபடி 1022." இதுவும் ஐந்து நிமிடம். நம் ஊர் வைவாவில் நின்றவர்களுக்கு அந்த அறையின் மணமே தெரியும்.

வெளியே வந்ததும் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதில் ஊறும் எச்சிலில் இருப்பது கார்டிசால். மூளையின் ஹைப்போதலாமஸ் உத்தரவிட, பிட்யூட்டரி அதைக் கடத்த, சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி இதைச் சுரக்கிறது. சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றுவது, வீக்கத்தை அடக்குவது எல்லாம் இதன் வேலை. சோதனை முடிந்து 10 முதல் 20 நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மடங்கு.

எந்த வகை அழுத்தம் கார்டிசாலை அதிகம் ஏற்றுகிறது? 2004இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி இருவரும் 208 ஆய்வுகளைச் சேர்த்துவைத்து அலசினார்கள். வேலை கஷ்டமாக இருந்தது என்பதால் மட்டும் கார்டிசால் பெரிதாக ஏறிவிடவில்லை. மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள், முடிவு நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேர்ந்தபோதுதான் ஏற்றம் மிக அதிகம். பழைய நிலைக்கு இறங்கவும் அதிக நேரம் எடுத்தது. 'நாலு பேர் முன்னாடி' என்று நாம் சொல்கிறோமே, அந்த நாலு பேருக்கு அட்ரீனல் சுரப்பிவரை செல்வாக்கு இருக்கிறது. ஊழியரைத் தனியாக அழைத்துக் கண்டிக்காமல் மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்கும் மேலாளர்களும், மார்க்கை வகுப்பில் உரக்கப் படிக்கும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

இங்கேதான் சிக்கலும் வருகிறது. டிரியர் சோதனையில் கலந்துகொண்டவர்களிடம் "எவ்வளவு பதற்றமாக இருந்தது?" என்று கேட்டு, அந்தப் பதிலை எச்சிலின் கார்டிசாலோடு பொருத்திப் பார்த்தார்கள். 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஏறக்குறைய கால்வாசி ஆய்வுகளில்தான் இரண்டும் பொருந்தின. கைகால் நடுங்கியது என்று சொன்னவரின் எச்சில் அமைதியாக இருக்கும். 'எனக்கு ஒண்ணும் இல்லைங்க' என்று சிரித்தவரின் எச்சிலில் கார்டிசால் பொங்கும். யாரும் பொய் சொல்லவில்லை. மனமும் சுரப்பியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. பதற்றம் வந்து போன பிறகுதான் கார்டிசால் மெல்ல எழுகிறது.

அதனால் லேப் பாக்கேஜில் 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. கார்டிசால் நள்ளிரவில் தரையில் கிடக்கும். காலையில் கண்விழித்து அரைமணி, முக்கால் மணிக்குள் மேலும் ஏறும். பிறகு நாள் முழுக்க இறங்கும். எந்த மணிக்கு எடுத்தோம் என்பதே முடிவைப் புரட்டிப்போடும். நெடுங்காலம் அழுத்தத்தில் அடிபட்டவர்களில் சிலருக்கு அது கூடுவதற்குப் பதில் குறைந்தே காணப்படுவதும் உண்டு. மாதக்கணக்கில் அறிய வேண்டுமானால் ஆய்வாளர்கள் தலைமுடியை வெட்டுகிறார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மண்டையை ஒட்டிய மூன்று சென்டிமீட்டரில் கடந்த மூன்று மாதத்துக் கார்டிசால் படிந்திருக்கும்.

கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'ஸ்ட்ரெஸ் 72' என்ன கதை? இதயம் சீராகத் துடிப்பதாக நாம் நினைத்தாலும், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சற்றே கூடிக்குறைந்துகொண்டே இருக்கும். உடம்பு இளைப்பாறும்போது அந்த ஏற்ற இறக்கம் அதிகம், நெருக்கடியில் குறையும். வாட்ச் அதிலிருந்து கணிக்கிறது. ஓடிப்போய் பஸ் பிடித்தாலும், காபி குடித்தாலும், லேசான காய்ச்சல் இருந்தாலும் எண் மாறும். பெண் பார்க்கப் போகும்போது வரும் படபடப்பையும் கடன்காரர் கதவைத் தட்டும்போது வரும் படபடப்பையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. பல வாரப் போக்கைப் பார்க்க உதவலாம். ஒருநாள் எண்ணைப் பார்த்துக் கலங்குவது வீண்.

பெரிய நாற்காலி, சின்ன நாற்காலி

பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லண்டன் அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அதை உடைத்தது. சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தபோது, கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்கு இருந்தது. எல்லாருக்கும் அரசு வேலை. யாரும் பட்டினி இல்லை. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மைக்கேல் மார்மட் 1985இல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் இன்னொரு காரணம் துலங்கியது. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லுரிமை இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம்.

இதையே ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளிடம் பார்த்திருந்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவில் வாலில் மின்அதிர்ச்சி. ஒன்றால் மட்டும் அதை நிறுத்த முடியும். அது நிறுத்தினால் இரண்டுக்கும் நிற்கும். பட்ட அடி சமம்தான். ஆனால் இரைப்பைப் புண் அதிகம் வந்தது, கையில் ஒன்றும் இல்லாத எலிக்கு.

புண் என்றதும் ஓர் எச்சரிக்கை. எலியின் வயிற்றுப் புண்ணைப் பார்த்துவிட்டு மனிதரின் அல்சருக்கும் டென்ஷனே மூலம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல். அதுவரை 'கவலைப்படாதீங்க, காரம் குறைங்க' என்று அனுப்பப்பட்ட எத்தனையோ நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது ஆன்டிபயாடிக். காரணம் தெரியாத இடத்திலெல்லாம் டென்ஷனை உட்காரவைப்பது விஞ்ஞானம் ஆகாது.

1993இல் புரூஸ் மெக்இவன், எலியட் ஸ்டெல்லர் இருவரும் கேள்வியையே மாற்றினார்கள். நெருக்கடியில் உடம்பு முடுக்கிக்கொள்வது கெடுதல் அல்ல. அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. கிணறு வற்றிய பிறகும் யாரும் அணைக்காமல் ஓடும் மோட்டாரின் சுருள் எப்படிக் கருகுமோ, அப்படி அணையாத முடுக்கத்தால்தான் தேய்மானம். அந்தத் தேய்மானத்தை அளக்க அவர்கள் வழிவந்தவர்கள் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் நாம் அறிந்த எண்கள்தாம்: ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சர்க்கரை, நல்ல கொழுப்பு, கூடவே இரவுச் சிறுநீரில் கார்டிசாலும் அட்ரீனலினும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சற்றே பிசகியிருக்கும். பிசகியவை எத்தனை என்று எண்ணியபோது, எண்ணிக்கை கூடியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் உடலும் நினைவாற்றலும் அதிகம் தளர்ந்தன.

என் தீர்ப்பு இது. இந்த அளவுகோல்களில் எதுவும் தனியாகப் போதாது. ஆனால் அவை எல்லாம் சேர்ந்து ஒரு திசையைக் காட்டுகின்றன. உடம்பைக் கெடுப்பது வேலையின் கனத்தைவிட, அந்த வேலையில் ஒருவருக்குப் பிடிமானம் இல்லாமல் போவது. அப்படியிருக்க, ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு யோகா வகுப்பு நடத்திவிட்டு, ஷிப்ட் நேரத்தை முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் அறிவிக்கும் நிறுவனம் எதையும் குறைக்கவில்லை.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். உடனே 108ஐ அழைத்து, ஈசிஜி எடுத்துப் பாருங்கள். தூக்கம், பசி, வேலை மூன்றும் வாரக்கணக்கில் குலைந்திருந்தால் மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416ஐ அழையுங்கள். அழைப்பு இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.